ப்ரீ-ஹெல்த் கமிட்டியைத் தவிர்த்துவிடலாமா? – ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பயாலஜி மூன்றாம் ஆண்டு தொடங்கியிருக்கிறாள். மருத்துவம்தான் ஆசை, கிடைக்காவிட்டால் பல் மருத்துவமும் சரி என்கிறாள். ஜிபிஏ (நான்குக்குப் போடும் மதிப்பெண் சராசரி) 3.58. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பாகத்தில் சி ப்ளஸ் வாங்கிவிட்டாள். அவள் பல்கலைக்கழகத்தில் ப்ரீ-ஹெல்த் கமிட்டி, அதாவது மருத்துவப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களை மதிப்பிட்டுக் கடிதம் எழுதும் குழு, இருக்கிறது. ஜனவரிக்குள் நீண்ட படிவம், கட்டுரை, நான்கு கடிதங்கள் கொடுக்க வேண்டும், பிறகு நேர்காணல். “உன் ஜிபிஏவுக்குக் கமிட்டி நன்றாக எழுதாது, நீயே கடிதம் வாங்கி அனுப்பிவிடு” என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். நானே அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். மாணவியைப் பற்றிப் பெற்றோரிடம் பேச இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் பெயர்பெற்ற இதய மருத்துவர்; கடிதம் தருவதாகச் சொல்கிறார். நாங்கள் இன்னும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், மகள் வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசாவில் இருக்கிறாள். அடுத்த மே மாதம் விண்ணப்பிக்க வேண்டும். என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கமிட்டியைத் தவிர்க்க வேண்டாம். தவிர்க்க வேண்டியது அடுத்த மே மாதத்துக்கான அவசரத்தைத்தான்.

சீனியர்கள் கமிட்டி லெட்டரை இன்னொரு சிபாரிசுக் கடிதமாக நினைக்கிறார்கள். அது பல்கலைக்கழகமே தன் பெயரில் எழுதும் மதிப்பீடு. ப்ரீ-ஹெல்த் ஆலோசகரோ, இரண்டு மூன்று பேராசிரியர்கள் அடங்கிய குழுவோ, மாணவி நிரப்பிய படிவம், ட்ரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவேடு), ஆசிரியர்கள் எழுதியது, நேர்காணலில் கேட்டது எல்லாவற்றையும் மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பக்கங்களில் எழுதுவார்கள். ஆசிரியர் கடிதங்கள் பெரும்பாலும் அதன் பின்னால் இணைந்தே போகும். எம்.டி. (இங்கே அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் கடிதங்கள் மூன்று வகை: கமிட்டி லெட்டர், லெட்டர் பாக்கெட், தனிக் கடிதம். பாக்கெட் என்பது ஆசிரியர் கடிதங்களைச் சேர்த்துக் கட்டி முகப்புத் தாள் ஒன்றை வைத்து அனுப்புவது. அதில் பல்கலைக்கழகத்தின் மதிப்பீடு இருக்காது. மொத்தம் 10 கடிதங்கள் வரை சேர்க்கலாம். பின்னிணைப்பில் எத்தனை ஆசிரியர் கடிதங்கள் இருந்தாலும் கமிட்டி லெட்டர் அதில் ஒன்றாகத்தான் கணக்காகும்.

ஆள் பற்றாக்குறையால் பல பல்கலைக்கழகங்கள் கமிட்டி லெட்டரைக் கைவிட்டு பாக்கெட்டுக்கு மாறிவிட்டன. அந்த மாணவர்களை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே அந்த வசதியே இல்லை. வசதி இருந்தும் பயன்படுத்தாதவர்களிடம்தான் கேள்வி வரும். முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரியும் அனுப்பும் செகண்டரி படிவத்தில், “உங்கள் பல்கலைக்கழகத்தில் கமிட்டி இருந்தும் அதன் கடிதம் இல்லாததற்குக் காரணம் என்ன?” என்று பல கல்லூரிகள் நேரடியாகவே கேட்கின்றன. “ஜிபிஏ குறைவு, நன்றாக எழுத மாட்டார்கள் என்று நினைத்தேன்” என்பதை அந்தக் கட்டத்துக்குள் எப்படி எழுதினாலும் உதவாது.

அதே சமயம் எல்லாக் கமிட்டியும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. சில இடங்களில் குறைந்தபட்ச ஜிபிஏ வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே இருந்தால் எழுதவே மாட்டார்கள். சில இடங்களில் கடிதத்தின் கடைசியில் ஒரு தரம் இருக்கும்: மிக உறுதியாகப் பரிந்துரைக்கிறோம், பரிந்துரைக்கிறோம், சில தயக்கங்களுடன் பரிந்துரைக்கிறோம் என்ற மாதிரி. இன்னும் சில இடங்களில் தரமே கிடையாது, விவரிப்பு மட்டும்தான். சீனியர்கள் சொன்னது எந்த வகைக் கமிட்டியைப் பற்றி என்று தெரியாமல் முடிவெடுக்க முடியாது. உங்கள் மகள் அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேட்கட்டும். குறைந்தபட்ச ஜிபிஏ உண்டா? கடிதத்தில் தரம் போடுவீர்களா? போன ஆண்டு கடைசிக் கடிதத்தை எந்தத் தேதியில் ஏற்றினீர்கள்? இந்த மூன்றாவது கேள்வியை மாணவர்கள் கேட்பதே இல்லை. ஆனால் நடைமுறையில் அதுதான் முக்கியம், ஏனென்றால் பெரும்பாலான கல்லூரிகள் கடிதங்கள் வந்து சேரும்வரை விண்ணப்பத்தை எடுத்துப் படிக்காது. ஜூலையில் வரும் கமிட்டி லெட்டர் நல்லது. செப்டம்பர் கடைசியில்தான் வரும் என்றால், இடங்கள் வரிசையாக நிரம்பிக்கொண்டே போகும் இந்த முறையில் அது உண்மையான நஷ்டம். அப்படிப்பட்ட இடத்தில் மட்டும் தனிக் கடிதங்களுக்குப் போவதை நான் நியாயம் என்பேன், அதையும் ஆலோசகரிடம் பேசிவிட்டு.

உங்களுக்கு வந்த ஒற்றை வரிப் பதிலைப் பற்றி. வருத்தமாக இருந்திருக்கும். ஆனால் அது அலட்சியம் அல்ல, சட்டம். 1974ஆம் ஆண்டின் மாணவர் கல்விப் பதிவுகள் தனியுரிமைச் சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்கே போய்விடுகிறது. மகள் எழுத்தில் சம்மதம் தந்தால் அலுவலகம் உங்களிடம் பேச முடியும். ஆனால் இந்த விஷயத்தில் அதைக் கேட்டு வாங்காதீர்கள். கமிட்டி பார்க்க நினைப்பதே இந்தப் பெண் தன் வேலையைத் தானே நடத்திக்கொள்கிறாளா என்பதைத்தான். அம்மாவிடமிருந்து வரும் இரண்டாவது மின்னஞ்சல் அவளுக்கு எதிரான குறிப்பாகிவிடக்கூடும். இதே சட்டத்தின் இன்னொரு பக்கம் படிவத்தில் வரும்: கடிதங்களைப் பின்னால் படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று ஒரு கட்டம் இருக்கும். விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்திடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர்கள் எச்சரிக்கையோடு எழுதுவார்கள், படிப்பவர்களும் அந்தக் கடிதத்தை முழுதாக நம்ப மாட்டார்கள்.

இனி சி ப்ளஸ். அடுத்து வரும் ஆர்கானிக் இரண்டாம் பாகத்தில் என்ன வாங்கினாள் என்று நீங்கள் எழுதவில்லை. கமிட்டி முதலில் பார்ப்பது அதைத்தான். பி ப்ளஸ் அல்லது அதற்கு மேல் என்றால் விஷயம் பாதி முடிந்தது. அடுத்து பயோகெமிஸ்ட்ரியில் ஏ வாங்கினால் மீதியும் முடிந்தது. இரண்டாம் பாகமும் சி என்றால் அது வேறு பிரச்சினை, அதற்கு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வழியில்லை. படிவத்தில் மதிப்பெண் குறைந்ததற்கு விளக்கம் கேட்பார்கள். அங்கே மாணவர்கள் வழக்கமாக எழுதுவது: “அந்த செமஸ்டரில் பேராசிரியர் கடினமாகக் கேள்வி கேட்டார், எனக்கும் உடல்நலம் சரியில்லை, ஆனாலும் நிறையக் கற்றுக்கொண்டேன்.” இதை வைத்துக் கமிட்டியால் ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. எழுத வேண்டியது இப்படி: “முதல் இரண்டு தேர்வுகளில் வினை வழிமுறைகளை மனப்பாடம் செய்தேன், 61, 64. மூன்றாவது தேர்வுக்கு முன் வாரம் இரண்டு முறை, பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் ஆஃபீஸ் அவர்ஸுக்குப் போய், ஒவ்வொரு வினையிலும் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று பலகையில் வரைந்து காட்டிப் பழகினேன், 83. மொத்தத்தில் சி ப்ளஸ்தான் வந்தது. அடுத்த செமஸ்டர் முதல் வாரத்திலிருந்தே அப்படிப் படித்தேன்.” எண்கள் உங்கள் மகளுடையவையாக இருக்கட்டும். இதைப் படிக்கும் ஆலோசகர் தன் கடிதத்தில் ஒரு பத்தியே எழுதிவிடுவார். அந்த வகுப்பின் சராசரி என்ன, அந்த செமஸ்டரில் அவள் எத்தனை கிரெடிட் (பாடச் சுமையின் அளவு) எடுத்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல அவரால் முடியும். விண்ணப்பதாரி தானே சொன்னால் சாக்குப்போக்காகத் தெரிவது, பல்கலைக்கழகம் சொன்னால் தகவலாகிறது. கமிட்டி லெட்டரின் பலம் இதுதான். 3.58 உள்ள மாணவிக்குத்தான் இது 3.95 உள்ள மாணவியைவிட அதிகம் தேவை, சீனியர்கள் சொல்வதற்கு நேர்மாறாக.

செயல்பாடுகள் பகுதியிலும் இதே கதைதான். “மருத்துவமனையில் 120 மணி நேரம் தன்னார்வப் பணி, நோயாளிகளிடம் பரிவு காட்டக் கற்றேன்” என்று இருந்தால் அலுவலகம் அதை அப்படியே கடந்து போகும். “சனிக்கிழமை காலை 7 முதல் 11 வரை டயாலிசிஸ் பிரிவு. இயந்திரம் ஓடும்போது குளிர்கிறது என்பார்கள் என்பதால் போர்வையைச் சூடாக்கி வைப்பேன். நான்கு மணி நேரம் நகர முடியாதவர்களிடம் என்ன பேசுவது என்று முதல் மாதம் தெரியவில்லை, பிறகு அவர்களே பேசக் காத்திருக்கப் பழகினேன்” என்று இருந்தால் ஆலோசகர் அதைக் கோடிட்டு வைத்துக்கொள்வார். பின்னால் ஆம்காஸில் 15 செயல்பாடுகள் வரை, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி உட்பட 700 எழுத்துகளுக்குள் எழுத வேண்டும். மிக முக்கியமான மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள். தன்னைப் பற்றிய கட்டுரைக்கு 5,300 எழுத்துகள். கமிட்டிப் படிவத்தை இதே அளவுகளில் எழுதிவிட்டால் அதையே செம்மைப்படுத்தி விண்ணப்பத்தில் போடலாம். ஜனவரியில் கஷ்டப்பட்டு எழுதியதை மே மாதத்தில் புதிதாக எழுத வேண்டியிருக்காது.

கடிதங்கள். உங்கள் குடும்ப நண்பரான இதய மருத்துவரிடம் நன்றி சொல்லி, கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிறு வயதிலிருந்து தெரியும், நல்ல குடும்பம், கெட்டிக்காரப் பெண் என்பதற்கு மேல் அவரால் நேர்மையாக எதுவும் எழுத முடியாது. படிப்பவர்களும் இரண்டாவது வரியிலேயே அதைக் கண்டுகொள்வார்கள். அவரால் செய்ய முடிந்த பெரிய உதவி, தன் கிளினிக்கில் மகளை ஷேடோயிங்குக்கு, அதாவது கூடவே நின்று வேலையைக் கவனிக்க, அனுமதிப்பதும், அதைவிட மேலாக, குடும்பத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு பொது மருத்துவரிடம் அறிமுகப்படுத்துவதும்தான். விடுமுறையில் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் நிற்பதையும் பலர் பெரிதாக எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் அமெரிக்காவில் நோயாளிகளைப் பார்த்த அனுபவத்துக்கு அது மாற்றாகாது.

கமிட்டி பொதுவாகக் கேட்பது அவளுக்குப் பாடம் நடத்திய அறிவியல் ஆசிரியர்கள் இருவர், அறிவியல் அல்லாத துறையிலிருந்து ஒருவர், ஆய்வகத்திலோ தன்னார்வப் பணியிலோ அவளை மேற்பார்வை செய்தவர் ஒருவர். சிக்கல் என்னவென்றால் 300 பேர் உட்காரும் வகுப்பில் ஆசிரியருக்கு அவளைத் தெரிந்திருக்காது. ஏ வாங்கியிருந்தாலும் “என் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தார்” என்ற ஒரு வரிக் கடிதம்தான் கிடைக்கும். ஆகவே இந்த செமஸ்டரில் இரண்டு பாடங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆசிரியர்களின் ஆஃபீஸ் அவர்ஸுக்குப் போய் வரட்டும். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டாம், பாடத்தைப் பற்றிக் கேட்கட்டும். லேப் பாடமோ, 25 பேர் மட்டும் உள்ள மேல்நிலைப் பாடமோ இருந்தால் அந்த ஆசிரியரே மேல்.

கேட்கும் விதமும் முக்கியம். “கடிதம் தருவீர்களா?” என்றால் பெரும்பாலோர் மறுக்கமாட்டாமல் சரி என்பார்கள். “மருத்துவக் கல்லூரிக்கு வலுவான கடிதம் எழுதும் அளவுக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறீர்களா?” என்று கேட்டால், தயங்குகிறவர் அங்கேயே தயங்கிவிடுவார், அது நல்லதற்கே. கெடு தேதிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால், முடிந்தால் நேரில் கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டவரிடம் ட்ரான்ஸ்கிரிப்ட், ஒரு பக்க ரெஸ்யூமே, அவர் பாடத்தில் அவள் எழுதிய ஒரு நல்ல லேப் ரிப்போர்ட் அல்லது கட்டுரையின் நகல், கமிட்டிக்கு அனுப்ப வேண்டிய முறை, தேதி எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒரு வரி: கடிதம் பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில், தேதியோடும் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் வெறும் வேர்டு கோப்பில் கையெழுத்தில்லாமல் வந்த கடிதம் திருப்பி அனுப்பப்படுவதும், அந்த ஆசிரியர் அதற்குள் கோடை விடுமுறையில் வெளிநாடு போயிருப்பதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. கெடுவுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல், மூன்று நாள் முன்னால் இன்னொன்று அனுப்பலாம். இதில் கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்களும் அதை எதிர்பார்ப்பார்கள்.

நேர்காணல் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தயாராகாமல் போகக் கூடாது. ஏன் மருத்துவம், ஏன் நர்ஸிங்கோ ஆராய்ச்சியோ இல்லை என்று கட்டாயம் கேட்பார்கள். நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சிறு வயதிலிருந்தே ஆசை, வீட்டிலும் ஆசை என்று சொன்னால், இது பெற்றோரின் முடிவோ என்ற சந்தேகம் எழும். தான் கண்ணால் பார்த்த ஒரு மருத்துவர் ஒரு நாளில் என்ன முடிவெடுத்தார், அந்த முடிவைத் தானே எடுக்கும் இடத்தில் இருக்க ஏன் விரும்பினாள் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மகள் இதுவரை 60 கிரெடிட் முடித்திருக்கிறாள், ஜிபிஏ 3.58 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் 30 கிரெடிட்டில் 3.9 வாங்கினால் மொத்தம் 3.69 ஆகும். நான்காம் ஆண்டும் அப்படியே வாங்கினால் 3.74. ஆம்காஸ் சரிபார்த்து அனுப்பிய பிறகு வரும் மதிப்பெண்கள் அந்த ஜிபிஏவில் ஏறாது. ஆகவே அடுத்த மே மாதம் விண்ணப்பித்தால் 3.69, ஓராண்டு பொறுத்தால் 3.74. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் நான்கையும் மட்டும் தனியாகக் கூட்டி ஆம்காஸ் போடும் அறிவியல் ஜிபிஏவில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும், ஏனென்றால் சி ப்ளஸ் உட்கார்ந்திருப்பது அங்கேதான். 2024இல் எம்.டி. கல்லூரிகளுக்கு ஏறக்குறைய 52,000 பேர் விண்ணப்பித்தார்கள், ஏறக்குறைய 23,000 பேர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.79, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 512ஐ ஒட்டி. 3.74 அதற்கு அருகில் நிற்கும்.

எம்கேட் கணக்கும் இதோடு சேர்ந்தது. 472 முதல் 528 வரை உள்ள அந்தத் தேர்வுக்கு நல்ல தயாரிப்பு என்றால் மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். எழுதிய பின் மதிப்பெண் வர ஒரு மாதம் ஆகும். மே கடைசியில் விண்ணப்பம் சமர்ப்பிக்க ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும். அதாவது கமிட்டிப் படிவம், நான்கு கடிதம், நேர்காணல், பயோகெமிஸ்ட்ரி, எம்கேட் எல்லாம் நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள். 3.9 வாங்க வேண்டிய அதே செமஸ்டர்களில்! நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இந்த இடத்தில் ஜிபிஏவையும் எம்கேட்டையும் சேர்த்தே இழப்பதுண்டு. ஓராண்டு இடைவெளி விட்டால் நம் வட்டாரத்தில் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். இன்று மருத்துவக் கல்லூரியில் சேர்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பட்டம் முடித்து குறைந்தது ஓராண்டு கழித்து வருகிறவர்கள்தான். பட்டம் பெற்றவர்களுக்கும் பெரும்பாலான கமிட்டிகள் சில ஆண்டுகள்வரை கடிதம் எழுதித் தருகின்றன. இதையும் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யட்டும்.

பல் மருத்துவத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை: அதை “கிடைக்காவிட்டால்” என்ற இடத்தில் வைக்காதீர்கள். விண்ணப்பம் வேறு, ஆட்சாஸ் என்ற தனிப் பொது விண்ணப்பம். தேர்வு வேறு, டாட். 2025 மார்ச் முதல் அதன் மதிப்பெண் 200 முதல் 600 வரை என்று மாறியிருக்கிறது. ஷேடோயிங்கும் வேறு, பொதுப் பல் மருத்துவரிடம். 50, 100 மணி நேரம் எதிர்பார்க்கும் கல்லூரிகள் உண்டு. கைநுணுக்கத்துக்கு ஏதாவது சான்று இருப்பது நல்லது: தையல், வயலின், மெழுகில் செதுக்கல், கோலம்கூட, உண்மையாகவே பல ஆண்டுகள் செய்திருந்தால். கமிட்டி இரண்டுக்கும் எழுதும், ஆனால் ஒரே கடிதத்தை அல்ல. “இவர் மருத்துவத்துக்கென்றே பிறந்தவர்” என்று முடியும் ஆசிரியர் கடிதம் தவறுதலாக ஆட்சாஸில் ஏறிவிட்டால், ஏறிய கடிதத்தை மாற்ற முடியாது. கடித எண்ணிக்கையும் வேறு; தனிக் கடிதங்கள் அங்கே நான்குக்கு மேல் செல்லாது. இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பித்தால் “ஏன் பல் மருத்துவம்?” என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இருக்காது. இந்தக் குளிர்கால விடுமுறையில் பக்கத்தில் உள்ள ஒரு பல் மருத்துவரிடம் பத்து நாள் நிற்கட்டும். பிடித்தால் முழு மனதோடு அதற்கே போகட்டும். நியூஜெர்சியின் ஒரே பல் மருத்துவக் கல்லூரி ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினுடையது, நூவர்க்கில் இருக்கிறது; நேரில் போய்ப் பார்ப்பதும் எளிது.

விசாவைப் பற்றிக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. மகளுக்கு 21 வயது நிறையும் நாளோடு ஹெச்-4 முடிகிறது. அதற்கு முன்பே மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறும் வேலையைத் தொடங்க வேண்டும். இதற்குக் குடிவரவு வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும், கமிட்டியை அல்ல. ஆனால் கமிட்டிக்கு இது முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகள் சிறுபான்மைதான். அவற்றிலும் சில, நான்கு ஆண்டுச் செலவுக்கும் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்டச் சொல்லும். மத்திய அரசின் கல்விக் கடன் கிடைக்காது. பத்து ஆண்டாக நியூஜெர்சியில் இருப்பதால் உள்ளூர் மாணவி என்று நீங்கள் நினைப்பீர்கள், சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவி என்றே வகைப்படுத்தும். எந்தக் கல்லூரி யாரை ஏற்கிறது என்பதை மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் எம்எஸ்ஏஆர் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆண்டுக் கட்டணம் சிறியது, இப்போதே வாங்குங்கள். படிவத்தில் இதை மறைத்தால், சேர முடியாத இருபது கல்லூரிகளுக்குப் பணம் கட்டிய பிறகுதான் தெரியவரும். எஃப்-1க்கு மாறினால் பட்டத்துக்குப் பின் 12 மாதம் தன் துறையில் வேலை செய்ய ஓபிடி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் வழக்கறிஞரிடம் பேசுங்கள். இடைவெளி ஆண்டில் ஆய்வகத்திலோ மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவிலோ வேலை பார்க்க அது வழி கொடுக்கும்.

கமிட்டி எழுத மறுத்தால், அல்லது கடைசித் தரத்தில் வைத்தால்? மறுப்பு பெரும்பாலும் “இந்த ஆண்டு வேண்டாம்” என்ற அர்த்தத்தில் வரும். என்ன குறைகிறது என்று பட்டியலாக எழுதித் தரக் கேட்கலாம். நல்ல ஆலோசகர் தருவார். அதைச் சரிசெய்து மறு ஆண்டு அதே மேசைக்குத் திரும்பும் மாணவிக்கு அவர்கள் எழுதும் கடிதத்தில், அந்த ஓராண்டு உழைப்பைக் கண்ணால் பார்த்த சாட்சியம் இருக்கும்.

மிச்சம் ஒரு சின்ன வேலை உங்களுக்கு. உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது மகள் கம்யூனிட்டி காலேஜில் ஏதாவது பாடம் எடுத்திருந்தால் அந்த ட்ரான்ஸ்கிரிப்டும் ஆம்காஸுக்குப் போக வேண்டும், மதிப்பெண்ணும் ஜிபிஏவில் சேரும். அது எங்கே எடுத்தது, எந்த ஆண்டு என்று பழைய கோப்புகளில் தேடி எடுத்துக் கொடுங்கள். பலருடைய விண்ணப்பம் வாரக்கணக்கில் நிற்பது மறந்துபோன இந்த ஒரு தாளால்தான்.

மகள் இந்த வாரமே ஆலோசகருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சல், ஆங்கிலத்தில், ஏறக்குறைய இந்த அளவில் இருந்தால் போதும்:

“மூன்றாம் ஆண்டு பயாலஜி மாணவி. ஜிபிஏ 3.58, ஆர்கானிக் முதல் பாகத்தில் சி ப்ளஸ். அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பதா, அதற்கடுத்த ஆண்டா என்று தீர்மானிக்க உங்கள் கருத்து வேண்டும். இப்போது ஹெச்-4 விசாவில் இருக்கிறேன். கல்லூரிப் பட்டியலை அது எப்படிப் பாதிக்கும் என்றும் கேட்க விரும்புகிறேன். ட்ரான்ஸ்கிரிப்டையும் ஒரு பக்கச் செயல்பாட்டுப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். செவ்வாய், வியாழன் பிற்பகல் 2 மணிக்கு மேல் வர முடியும்.”

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்காமல், முன்பதிவில்லாமல் மாணவர்களைப் பார்க்கும் நேரம் எது என்று விசாரித்து, அச்சிட்ட ட்ரான்ஸ்கிரிப்டோடு அவளே நேரில் போகட்டும். ஜனவரிக் கெடு நெருங்க நெருங்க அந்த அறை வாசலில் கூட்டம் கூடிவிடும். அக்டோபரில் போனால் ஆலோசகருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.